மணக்கும் குழம்பு, நாறும் படிப்பாம்!

மகனின் மதிப்பெண் பட்டியலை மடியில் விரித்து, எந்தக் கல்லூரி என்று கணக்குப் போடும் காரைக்குடிப் பெரியவரிடம், "மீன்வள அறிவியல்" என்று சொல்லிப் பாருங்கள். முகம் சுளிக்கும், மூக்குச் சுருங்கும். "மீனைப் படிக்கவா பிள்ளையைப் பெற்றோம்? நாளை இவனுக்குப் பெண் கொடுப்பவர் யார்?" என்பார்.

அதே வீட்டு அடுக்களையில் மீன்குழம்பு கொதித்தால் மட்டும் அது மணம்! கோடையில் கண்மாய் வற்றி, மீன்பிடித் திருவிழாவுக்கு வெள்ளைத் துண்டு அசைந்துவிட்டால், சிவகங்கைச் சீமையின் ஊர்கள் ஊத்தாவும் வலையும் ஏந்திச் சேற்றில் குதிக்கின்றன. அன்று கெடாத மானம், ஆய்வுக்கூடத்திலா கெட்டுவிடும்? மச்சாவதாரம் என்று மீனைக் கும்பிடலாமாம், மீனைப் படிக்கக்கூடாதாம்!

நாறுவது மீனன்று, தோழர்களே! உழுதவனையும் நெய்தவனையும் வலை வீசியவனையும் கீழே தள்ளி, உட்கார்ந்து உண்டவனை மேலே ஏற்றிய வருணம் நாறுகிறது. கடல் கடப்பதே பாவம் என்று எழுதிவைத்ததும் அதுதான். அந்த ஏட்டுக்கு அஞ்சியிருந்தால் செட்டிநாட்டார் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறியிருப்பரா? இங்கே பர்மாத் தேக்குத் தூண்கள்தாம் நிமிர்ந்து நின்றிருக்குமா?

படிப்பில் என்ன இருக்கிறது என்று கேட்போர்க்கு ஒன்று சொல்வோம். பெருங்கெண்டை இனங்கள் தேங்கிய நீரில் தாமாக முட்டையிடா. குஞ்சுக்காக ஆறு ஆறாக அலைய வேண்டியிருந்தது. 1957இல் ஹிராலால் சௌத்ரி, பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசியால் செலுத்தி அவற்றை முட்டையிடச் செய்தார். கட்லா மேல்நீரில் மேயும், ரோகு நடுநீரில், மிர்கால் அடித்தரையில். மூன்றையும் ஒரே குளத்தில் வளர்க்கலாம். ஒன்றின் இரையை மற்றொன்று அவ்வளவாகப் பறிப்பதில்லை. மேலே மேய்வதால் கட்லா தன்னை மேற்குலம் என்று சொல்லிக்கொள்வதும் இல்லை!

தூத்துக்குடியில் 1977இலேயே மீன்வளக் கல்லூரி எழுந்தது. 2012இல் நாகப்பட்டினத்தில் தனிப் பல்கலைக்கழகமே அமைந்தது. இளநிலைப் பட்டம் நான்காண்டு. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறையோ, அருகே தொண்டிக் கரையில் இருக்கிறது. பட்டம் பெற்ற மறுநாள் வேலை வாசலில் வந்து நிற்கும் என்று நாம் கதையளக்கவில்லை. பொறியியல் முடித்தவர்க்கு மட்டும் எந்த வாசல் திறந்தே கிடக்கிறது?

அங்கே பரதவர் வீட்டுப் பிள்ளையும் மாளிகை வீட்டுப் பிள்ளையும் ஒரே மேசையில் நின்று, ஒரே மீனை அறுத்து, ஒரே பட்டத்துக்குப் படிக்கவேண்டியிருக்கும். மூக்கைப் பொத்துகிறவர்கள் உண்மையில் அஞ்சுவது அதற்குத்தானோ?