கடலுக்கு அடியில் ஏர் ஓட்டலாமா?

கீழ்வேளூர் பக்கம் வயலில் ஏர் ஓட்டினால் அந்தத் தடம் எத்தனை நாள் இருக்கும்? தண்ணீர் விட்டு, சேறடித்து, நாற்று நட்டால் அதோடு போச்சு.

ஆனால் 26 வருடம் ஆகியும் அழியாத ஏர்த்தடம் ஒன்று இருக்கிறது. வயலில் அல்ல, கடலுக்கு அடியில்!

தென் அமெரிக்காவில் பெரு நாட்டுக்கு அப்பால், கடலில் 4 ஆயிரம் மீட்டர் ஆழம். 1989-ம் ஆண்டு ஜெர்மன் விஞ்ஞானிகள் கப்பலில் இருந்து கலப்பை போன்ற ஒரு கருவியை இறக்கி, அந்தத் தரையை உழுது பார்த்தார்கள். என்ன ஆகும் என்று தெரிந்து கொள்ளத்தான்! 2015-ல் மறுபடியும் போய் காமிராவை இறக்கினார்கள். உழுத சால் நேற்று ஓட்டினது மாதிரி கிடந்தது. தரையை ஒட்டி வாழ்ந்த உயிர்களில் பல திரும்பி வரவே இல்லை.

வயலுக்கு ஆறு வண்டல் கொண்டு வரும். ஆழ்கடலில் ஆயிரம் வருடத்துக்குச் சில மில்லி மீட்டர் மண்தான் படியும். வெயில் வெளிச்சம் கிடையாது. மேலே செத்துப் போகிற உயிர்களின் துணுக்குகள் உதிர்ந்து விழுவதுதான் சாப்பாடு. அதனால் அங்கே எதுவும் மெதுவாகத்தான் வளரும். கெட்டால் லேசில் சரியாகாது.

"பெரு எங்கே, கீழ்வேளூர் எங்கே? நமக்கென்னய்யா வந்தது?" என்று டீக்கடை பெஞ்சில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

நமக்கும் உண்டு குத்தகை

இந்தியாவுக்கும் இதே மாதிரி ஒரு கடல் தரை இருக்கிறது. நிலநடுக்கோட்டைத் தாண்டி, இந்தியப் பெருங்கடலின் நடுவில். 2002-ம் ஆண்டு சர்வதேச கடலடி ஆணையத்தோடு ஒப்பந்தம் போட்டு வாங்கியது. இப்போது 75 ஆயிரம் சதுர கிலோ மீட்டர் கையில் இருக்கிறது. தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்கு மேல்!

அங்கே உருளைக்கிழங்கு கணக்காய்க் கருப்பு உருண்டைகள் கொட்டிக் கிடக்கின்றன. மாங்கனீசு, நிக்கல், கோபால்ட், தாமிரம் எல்லாம் அதில் இருக்கிறது. பேட்டரி செய்யத் தேவையான சரக்கு. இந்த உருண்டை பத்து லட்சம் வருடத்துக்குச் சில மில்லி மீட்டர்தான் வளருகிறது. அதன் மேல் ஒட்டிக்கொண்டுதான் கடல் பஞ்சு போன்ற உயிர்கள் வாழ்கின்றன. உருண்டையை அள்ளினால் அவற்றுக்கு வீடு போச்சு. கிளம்புகிற சேற்றுப் புகை பக்கத்துத் தரையையும் மூடிவிடும்.

2021-ம் ஆண்டு மத்திய அரசு 4,077 கோடி ரூபாயில் ஆழ்கடல் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அதே ஆண்டு சென்னையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம், 'வராகா' என்ற எந்திரத்தை 5,270 மீட்டர் ஆழத்தில் ஓட்டிப் பார்த்தது. நம்மவர்கள் கெட்டிக்காரர்கள், சந்தேகம் இல்லை.

ஆனால் கையில் இருப்பது தேடிப் பார்க்கும் உரிமை மட்டுமே. வெட்டி எடுக்கும் அனுமதி அல்ல. குத்தகைக்காரன் நிலத்தைப் பாழடிக்கக் கூடாது என்பது தஞ்சைச் சீமைக்குத் தெரியாத சமாச்சாரமா?

சட்டம் கரையோடு நின்றது

2020-ம் ஆண்டு பிப்ரவரியில் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கி தமிழக சட்டசபையில் சட்டம் நிறைவேறியது. புதிதாக எண்ணெய், எரிவாயுக் கிணறு தோண்டத் தடை. மக்கள் போராடி வாங்கிய சட்டம். கீழ்வேளூர் விவசாயிக்கும் அதில் நிம்மதி.

இங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோ மீட்டர் போனால் நாகப்பட்டினம் கடல். காவிரிப் படுகை கடலுக்கு அடியிலும் நீளுகிறது. சட்டம் மட்டும் அலை அடிக்கிற இடத்தில் நின்றுவிட்டது!

ஆழ்கடலை விடுங்கள், பக்கத்துக் கடலைப் பாருங்கள். இழுவை மடி என்ன செய்கிறது? வலையின் வாயை விரித்துப் பிடிக்க இரண்டு பக்கமும் கனமான பலகைகள், அடியில் சங்கிலி. தரையைச் சுரண்டிக் கொண்டே போகும். இறால் கிடைக்கும். கூடவே குஞ்சு மீன், நண்டுக் குட்டி, பாசி, சிப்பி எல்லாம் வரும். அதற்கு மீனவர்கள் வைத்த பெயர் சங்காயம். அது கோழித் தீவனத்துக்குப் போகிறது. நாளைக்குக் கூடையில் வர வேண்டிய மீன் இன்றைக்கே தீவனமாகிறது. கீழ்வேளூர் கடைத்தெருவில் மீன் விலை கேட்டுத் திட்டுகிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

விசைப்படகு முதலாளிகளை மட்டும் திட்டிப் பயன் இல்லை. இழுவைப் படகு வாங்கச் சொல்லி ஊக்கம் கொடுத்ததே அரசுதான். கடன் தலைக்கு மேல் நிற்கும்போது வலையை மாற்று என்றால் யார் மாற்றுவார்கள்? 2017-ல் வந்த திட்டம் நல்ல திட்டம். இழுவைப் படகைக் கொடுத்துவிட்டு, செவுள் வலையும் தூண்டிலும் போடும் 80 லட்ச ரூபாய்ப் படகு வாங்கலாம், 70 சதவீதம் மானியம் என்றார்கள். அந்த வலையும் தூண்டிலும் தரையைத் தொடாது. சூரை மீன் பிடிக்கலாம். ஆனால் மூன்று வருடத்தில் 2 ஆயிரம் படகு என்ற பேச்சு, பேச்சாகவே போனது.

வருடா வருடம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. மீன் குஞ்சு பொரிக்க அது உதவுகிறது. தரைக்கு? 61 நாளில் என்ன ஆறும்? மறுநாளே அதே இடத்தில் பலகை இழுபடுகிறது.

பசிபிக் கடலில் உருண்டைகள் கிடக்கும் பகுதியில், தொடவே கூடாது என்று 2012-ல் 9 இடங்களை ஒதுக்கினார்கள். 2021-ல் மேலும் 4 இடங்கள். இந்தியப் பெருங்கடலிலும் எந்திரம் இறங்குவதற்கு முன்னால் அப்படி ஒதுக்கச் சொல்லி டெல்லி கேட்க வேண்டும். நாகைக் கடலிலும் இழுவை மடி போகக் கூடாத பார்களைக் குறித்து, அறிவிக்க வேண்டும்.

இதற்குக் கப்பலும் கோடிகளும் வேண்டாம். 61 நாளும் படகுகள் கரையில் சும்மாதான் நிற்கின்றன. அப்போது அதிகாரிகள் மீனவர் பஞ்சாயத்தில் போய் உட்காரட்டும். எந்தத் திசையில், எத்தனை பாகத்தில் பார் இருக்கிறது, எது போன வருடம் வரை மீன் கொடுத்தது, எது மொட்டையாகிவிட்டது என்று வயதான மீனவர்கள் விரல் விட்டுச் சொல்லிவிடுவார்கள்.