கொழும்பில் பிஷ் அண்ட் சிப்ஸ்: மீன் மட்டும் எங்கட இல்லை

போன மாதம் ஒரு பயிற்சிக்காக நாங்கள் நாலு பேர் பாலாவியிலிருந்து கொழும்புக்குப் போனோம். பஸ்ஸில் மூன்று மணித்தியாலத்துக்கு மேல. அலுவல் முடிய நல்ல பசி. வெள்ளவத்தைப் பக்கம் ஒரு சின்னக் கடை, வாசலில் பிஷ் அண்ட் சிப்ஸ் என்று பலகை. தட்டு 900 ரூபாய். நட்சத்திர ஹோட்டலில் அந்தக் காசுக்கு ஒரு சூப்பும் வராது. ரெண்டு தட்டு எடுத்து நாலு பேரும் பங்கு போட்டோம்.

முதலில் கேட்டது, மாவில் பியர் கலப்பீங்களா என்று. வெளிநாட்டில் மொறுமொறுப்புக்காகப் பல கடைகளில் கலப்பார்கள். "இல்ல தம்பி, சோடாதான்" என்றார் கடைக்கார நானா.

உண்மையைச் சொல்லணும், நல்லா இருந்தது. மேலே மொறுமொறு, உள்ளே வெள்ளையாக, முள்ளே இல்லாமல். ஆனால் மீன் வாசம் துளியும் இல்லை. மீனோட வளர்ந்த எங்களுக்கு அது இடிச்சது. "இது என்ன மீன் நானா?" என்று கேட்டோம். "டோரி" என்று பிரீசரைத் திறந்து பெட்டியையே காட்டினார், ஒளிக்கவில்லை. வியட்நாம். டோரி என்ற பெயரில் விற்கப்படுவது பெரும்பாலும் அங்கே மேகொங் ஆற்றுப்பக்கக் குளங்களில் வளர்க்கிற பங்காசியஸ் மீன்தான்.

யோசிச்சுப் பாருங்க. மேசையில் இருந்த உப்பு எங்கட புத்தளத்து உப்பாகவே இருக்கக்கூடும். கற்பிட்டி மணலில் உருளைக்கிழங்கும் செய்கிறார்கள். வினாகிரிக்கு எங்கட பக்கத் தென்னை இருக்கு. கடலைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. கற்பிட்டியில் பிடிக்கிற மீன் ஐஸ் போட்டு லொறியில் பாலாவிச் சந்தியால் திரும்பி, ஏ3 வீதியில் போகுது. அந்த வீதி தொடங்குற இடமே பேலியகொடை, நாட்டின் பெரிய மீன் சந்தை. நாங்கள் பஸ்ஸில் போனதும் அதே வீதிதான். அந்தச் சந்தைக்குக் கொஞ்சத் தூரத்தில் உட்கார்ந்து வியட்நாம் மீன் சாப்பிட்டோம்.

கடைக்காரரில் பிழை இல்லை. அவருக்கு ஒரே அளவில், முள் இல்லாமல், வருசம் முழுக்க ஒரே விலையில் துண்டு வேணும். எங்கட கரையில் தென்மேற்குப் பருவக்காற்று நேரம் கடல் கொந்தளிக்கும், தொழில் குறையும். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 87 ரூபாயிலிருந்து 340 ஆனபோது சின்னப் படகுக்காரர் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். இத்தனைக்கும் பிறகு வாற மீனை நாங்கள் முழுசாகவே விற்கிறோம். வெட்டித் துண்டாக்கி வாற காசு வேற யாருக்கோ போகுது.

இங்கிலாந்தில் இது பணக்காரர் சாப்பாடாகத் தொடங்கவில்லை. பொரிச்ச மீன் ஸ்பெயின், போர்த்துக்கல் யூதர்களோடு அங்கே போனது. 1860களில் கிழங்கோடு சேர்ந்து கடையாச்சு. ரயில் துறைமுக மீனை உள்ளூர் ஆலை நகரங்களுக்குக் கொண்டுபோக, தொழிலாளியின் மலிவுச் சாப்பாடாச்சு. இரண்டாம் உலகப் போரில்கூட அரசு அதற்குப் பங்கீடு வைக்கவில்லை.

அதனால்தான் சொல்கிறோம், பாலாவிச் சந்தியில் இப்படி ஒரு கடை வேணும். கற்பிட்டிக்கு டொல்பின் பார்க்கப் போறவங்க எல்லாம் அங்கேதான் திரும்புறாங்க. எங்களில் ஒருத்தனுடைய வாப்பா சிரிச்சார்: "வீட்டில சும்மா கிடைக்கிற பொரிச்ச மீனுக்கு யாருடா காசு தருவான்?" நியாயமான கேள்விதான். ஊராக்கள் தினமும் வாங்க மாட்டாங்க.

போன வெள்ளிக்கிழமை பின்னேரம் விளைமீன் வாங்கி நாங்களே செய்து பார்த்தோம். ருசி கொழும்புத் தட்டை விட ஒரு படி மேல. ஆனால் ஒரு மீனை முள் இல்லாமல் துண்டாக்க எங்களுக்கு ஒரு மணித்தியாலம், பாதி சதை முள்ளோடேயே போச்சு. பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தனுடைய உம்மா கத்தியை வாங்கி மிச்சம் நாலு மீனையும் கால் மணித்தியாலத்தில் முடிச்சார். கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "கடை துறந்தா எனக்குச் சம்பளம் எவ்வளவு?"