வெள்ளிக் கிண்ணமும் வழிச்செலவும்

தோற்றவர் விலக வென்றவர் மேற்செல்லும் காற்பந்துப் பந்தயங்களுள் பெரும்புகழ் வாய்ந்தது இங்கிலாந்தின் எப். ஏ. கிண்ணப் பந்தயம். 1871-ஆம் ஆண்டு ஜூலை 20-ஆம் நாள் இலண்டனில் ஒரு பத்திரிகை நிலையத்திற் கூடிய காற்பந்துச் சங்கத்தார், தம் செயலாளர் சார்லஸ் ஆல்காக் என்பாரது கருத்தை ஏற்று இதனை ஏற்படுத்தினர். ஹாரோ பள்ளியில் தாம் பயின்ற ஞான்று கண்ட விடுதிப் பந்தயமே அவருக்கு இதனைத் தோற்றுவித்தது என்ப. 15 கழகங்கள் பெயர் கொடுத்தன.

அம்முதற் கிண்ணத்தைப் பெற்றோர் ஆல்காக்கின் தலைமையில் ஆடிய வாண்டரர்ஸ் கழகத்தார். 1872-ஆம் ஆண்டு மார்ச்சு 16-ஆம் நாள், கென்னிங்டன் ஓவல் திடலில், ஏறத்தாழ 2,000 பேர் காண, ராயல் எஞ்சினியர்ஸ் என்னும் படைவீரரை 1–0 என வென்றனர். அவ்வீரருள் ஒருவர் தோளெலும்பு முறிந்தும் களம் விட்டகன்றிலர். கோல் அடித்த மார்ட்டன் பெட்ஸோ புனைபெயர் பூண்டு ஆடினார்! இவை சுவையான செய்திகளே. ஆயினும் எம் உள்ளம் வேறோரிடத்தே நிற்கின்றது.

இறுதி ஆட்டத்தை எய்துமுன் வாண்டரர்ஸ் களத்தில் வென்ற ஆட்டம் ஒன்றே ஒன்று. முதலிற் கிடைத்த எதிரி ஆட வரவில்லை. பிறிதொன்று சமனாக, இரு கழகமும் மேலேற்றப்பட்டன. அரையிறுதியில் எதிர்ப்பட்டோர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துக் குவீன்ஸ் பார்க் கழகத்தார். எதிரி விலகினமையானும், ஆட்டமின்றியே மேலேற்றப்பட்டமையானும், இவர் ஓராட்டமும் ஆடாமலே அரையிறுதியை அடைந்திருந்தனர். ஏறத்தாழ 400 மைல் கடந்து வந்து, ஒரு கோலும் கொடாது, வாண்டரர்ஸோடு சமனாயினர். மறு ஆட்டத்திற்கு மீண்டும் இலண்டனுக்கு வரக் கைப்பொருள் இன்மையின் விலகினர்.

"பணமில்லாதார் பந்தயத்திற்கு ஏன் பெயர் கொடுத்தல் வேண்டும்?" என்று எம் நண்பர் ஒருவர் வினவினார். வெளியூர்ப் பந்தயம் என்றவுடன் புகைவண்டிக் கட்டணத்தை எண்ணிப் பார்க்கும் மாணவராகிய யாம் அவ்வினாவிற்கு உடன்படோம். வரக்கூடும் என்று கருதியன்றோ அவர் பெயரை ஏற்றனர்? ஏற்றவர், சமனானால் யாது செய்வதென்பதையும் எண்ணியிருத்தல் வேண்டும். மறு ஆட்டத்தைக் கிளாஸ்கோவில் வைத்திருக்கலாம்; அன்றிச் செலவிற் பாதியைப் பொதுவில் ஏற்றிருக்கலாம். முன்னர் ஆட்டமின்றி மேலேற்றியது மெய்யே. ஆனால் வாயில்வரை அழைத்து வந்து, உள்ளே புகுவதற்குக் கூலி கேட்டது போலாயிற்று அது. வாண்டரர்ஸ் மீது குற்றம் சுமத்துகின்றேம் அல்லேம். விதி தந்ததை அவர் பெற்றனர்.

அடுத்த பருவத்திலும் குவீன்ஸ் பார்க் கழகத்தார் நேரே அரையிறுதிக்கு ஏற்றப்பட்டு, அம்முறையும் விலகினர்.

நிற்க. 1872-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் கிளாஸ்கோவில் பொருதன. ஸ்காட்லாந்தின் பதினொருவரும் குவீன்ஸ் பார்க் கழகத்தாரே. அதுவும் கோலின்றிச் சமனாயிற்று. ஆனால் அன்று வழிநடந்து வந்தவர் இங்கிலாந்தினர்.