மறுக்கவும் ஒரு சொல் வேண்டும்

பேச இயலாதவரிடம் சொல்வதற்கு ஒன்றுமில்லை என எண்ணுவது தவறு. 1985இல் குரலை இழந்த அறிவியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங், கணினிக் குரலின்வழி உலகத்தோடு உரையாடினார். சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற அஜித் நாராயணன் ‘ஆவாஸ்’ கருவியை உருவாக்கினார். படத்தைத் தொட்டால் அது சொல்லை ஒலிக்கும்.

இத்தகைய மாற்றுத் தொடர்பு முறையைப் பழகினால் பிள்ளை பேச முயலாது எனப் பெற்றோர் சிலர் அஞ்சுகின்றனர். பல்கலைக்கழக ஆய்வுகள் இவ்வச்சத்தை உறுதிப்படுத்தவில்லை. சில பிள்ளைகளுக்குப் பேச்சு வளரவும் இம்முறை துணைபுரிந்துள்ளது.

விலையுயர்ந்த கருவி இல்லாவிட்டாலும் படங்கள் ஒட்டிய அட்டையைக் கொண்டு தொடங்கலாம். அதிலுள்ள சொற்கள் பயன்படுத்துபவரின் வாழ்விலிருந்து வர வேண்டும். குளுவாங்கில் வாழும் தமிழ்ச் சிறுவனின் அட்டையில் ‘அம்மா’, ‘தோசை’, ‘கோப்பி’ ஆகியவை இருக்கட்டும். அவற்றோடு ‘வேண்டாம்’, ‘ஏன்?’, ‘பிடிக்கவில்லை’ ஆகியனவும் இடம்பெறுதல் அவசியம். கேட்க மட்டும் சொல் கொடுத்து, மறுக்கச் சொல் கொடுக்காவிட்டால் அவனது விருப்பத்தை நாம் எவ்வாறு அறிவோம்?

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை மலேசியா 2010இல் ஏற்றது. மாற்றுத் தொடர்பு முறைகளை அவ்வுடன்படிக்கை அங்கீகரிக்கிறது. அவ்வுரிமை வகுப்பறையிலும் கடைத்தெருவிலும் நிலைக்க வேண்டுமானால், அவர் படத்தைத் தேடித் தொடும்வரை பொறுமையோடு காத்திருக்க நாம் பழக வேண்டும்.