தாடையில வீக்கம்னா உடனே ஆன்டிபயாடிக்கா?

குமாரலிங்கபுரம் பக்கத்துல இருந்து ஒரு அக்கா வந்தாங்க. வலது கீழ்த்தாடையில ரெண்டு வருஷமா வீக்கம். வலி இல்ல. முதல்ல பொன்னுக்கு வீங்கின்னு தங்கச் செயின் போட்டிருக்காங்க. அப்புறம் அஞ்சு அஞ்சு நாளா ஆன்டிபயாடிக், ஏழு தடவை. எழுதிக் கொடுத்தது மருந்துக்கடைக்காரர் மட்டும் இல்லைங்க, என்னை மாதிரி எம்பிபிஎஸ் டாக்டர்களும்தான். ஒருத்தர்கூட எக்ஸ்ரே எடுக்கச் சொல்லல.

பொன்னுக்கு வீங்கி காய்ச்சலோட வந்து, ஒண்ணு ரெண்டு வாரத்துல வடிஞ்சிரும். ரெண்டு வருஷம் உட்கார்ந்திருக்காது.

தாடை எலும்புக்குள்ள நீர்க்கட்டி வரும். ரொம்ப சகஜமானது, சொத்தையில செத்துப்போன பல்லோட வேர் நுனியில வர்றது. முளைக்காம உள்ளயே கிடக்கிற பல்லைச் சுத்தியும் வரும். அபூர்வமா வர்ற கெரட்டோசிஸ்ட்தான் கள்ளன். எலும்போட நீளவாக்குலயே குடைஞ்சுக்கிட்டுப் போகும், வெளிய வீக்கம் தெரியறப்போ உள்ள பாதி காலியாகியிருக்கும். சுரண்டி எடுத்தாலும் திரும்ப வரலாம். இதை உலக சுகாதார நிறுவனம் 2005-ல ட்யூமர்னு வகைப்படுத்தி, 2017-ல மறுபடி நீர்க்கட்டின்னு மாத்துச்சு. எக்ஸ்ரேல இதே மாதிரி தெரியற அமெலோபிளாஸ்டோமா நிஜமாவே ட்யூமர். ரெண்டையும் உறுதியா பிரிக்க பயாப்ஸி வேணும். நிபுணர்களே தடுமாறுன விஷயத்துக்கு நாம டார்ச் அடிச்சுப் பாத்துட்டு அமாக்ஸிசிலின் எழுதுறோம்!

2019-ல சென்னை சவீதா பல் மருத்துவக் கல்லூரியில 7 வயசுப் பையனோட தாடையில இருந்து 526 குட்டிப் பற்களை எடுத்தாங்களே, ஞாபகம் இருக்கா? அது நீர்க்கட்டி இல்ல, ஒடோன்டோமா. எல்லாரும் எண்ணிக்கையைப் பாத்து வாயைப் பிளந்தோம். எனக்கு உறுத்துனது வேற. வீக்கம் தெரிஞ்சது 3 வயசுல. குழந்தை ஒத்துழைக்காததால அப்போ சோதிக்க முடியல. பெரியவங்க நமக்கு அந்தச் சாக்கும் கிடையாது.

"பல்லு எங்க பாடம் இல்லையே"ன்னு சக டாக்டர்கள் சொல்லுவாங்க. சரி, பல் டாக்டருக்கு ஒரு சீட்டு எழுதவுமா தெரியாது? "மதுரைக்குப் போனா ஒரு நாள் கூலி போயிரும் சார்"னு நீங்க சொல்றதும் நியாயம்தான். ஆனா அந்த அக்காவுக்கு ஏழு நாள் கூலி ஏற்கனவே போச்சு.

வலியில்லாத தாடை வீக்கம் ரெண்டு வாரம் தாண்டினாலோ, நல்ல பல்லு காரணமில்லாம ஆடினாலோ, கீழ் உதடு மரத்தாலோ, பல் டாக்டர்கிட்ட போய் முழுத் தாடைக்கும் ஓபிஜி எக்ஸ்ரே கேளுங்க. எடுக்க ஒரு நிமிஷம்கூட ஆகாது.

அக்காவை மதுரைக்கு அனுப்பியிருக்கேன். பயாப்ஸி ரிசல்ட் இன்னும் வரல.