1921இல் ஓட்டு வாங்கியது பெண்ணா, பட்டாவா?

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் பிறந்தால் தோழர்களின் பக்கங்களில் ஒரு படம் சுற்றும். தலைப்பாகையோடு பனகல் அரசர், கீழே கொட்டை எழுத்தில் 'பெண்களுக்கு வாக்குரிமை தந்த நீதிக்கட்சி, 1921'. படத்தில் ஒரு சின்னப் பிழை உண்டு. 1921 ஏப்ரல் 1 அன்று சென்னை சட்டமன்றத்தில் அந்தத் தீர்மானம் நிறைவேறியபோது முதல் மந்திரியாக இருந்தவர் சுப்பராயலு ரெட்டியார். பனகல் அரசர் அந்தப் பொறுப்புக்கு வந்தது ஜூலையில்தான். அது கிடக்கட்டும். என் சிக்கல் 'பெண்களுக்கு' என்ற சொல்லோடுதான். எந்தப் பெண்களுக்கு?

கொடுக்க வேண்டிய பெருமையை முதலில் கொடுத்துவிடுவோம். 1917 டிசம்பரில் மாண்டேகு சென்னைக்கு வந்தபோது சரோஜினி நாயுடு தலைமையில் ஒரு பெண்கள் குழு அவரைச் சந்தித்து வாக்குரிமை கேட்டது. அதற்குப் பின்னால் இருந்து ஓடியாடியவர் மார்கரெட் கசின்ஸ். அதே ஆண்டுதான் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியிருந்தது. வாக்குரிமை பற்றி ஆராய வந்த சவுத்பரோ குழு, இந்தியச் சமூகம் இதற்கு இன்னும் தயாராகவில்லை என்று கையை விரித்துவிட்டது. 1919 சட்டமோ, அந்தந்த மாகாணம் முடிவுசெய்துகொள்ளட்டும் என்று தலைவலியை மாகாண சட்டமன்றங்களுக்குத் தள்ளிவிட்டது. பிரிட்டிஷ் இந்தியாவில் முதலில் கதவைத் திறந்தது சென்னை. பம்பாய் அதே ஆண்டு பின்தொடர்ந்தது. மறுமலர்ச்சியின் தாயகம் என்று நாம் படித்த வங்காளம் 1921இல் மறுத்து, 1925இல்தான் வழிக்கு வந்தது. பிரான்சுப் பெண்கள் முதன்முதலாக வாக்களித்தது 1945இல். சுவிட்சர்லாந்தில் தேசிய அளவில் உரிமை வந்தது 1971இல். ஆகவே நீதிக்கட்சி செய்தது சின்னக் காரியமல்ல.

ஆனால் அந்தச் சட்டமன்றமே யாருடையது? நான்கு கோடிக்கு மேல் மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 1920 தேர்தலில் வாக்காளர்கள் சுமார் 12.5 லட்சம் பேர். நிலவரி கட்டுகிறவன், நகராட்சி வரி கட்டுகிறவன், வருமான வரி கட்டுகிறவன், அப்புறம் ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரன். 1921 தீர்மானம் இந்தப் பட்டியலிலிருந்து 'ஆண்' என்ற ஒரு தகுதியை மட்டும் எடுத்தது. வரியை எடுக்கவில்லை. தன் பெயரில் நிலமோ வீடோ இருந்த பெண்ணுக்கு ஓட்டு வந்தது. மாகாணத்துப் பெண்களில் அவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

இதை எங்கள் ஊரில் வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். அன்று சத்தியமங்கலம் கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்தது. பவானி ஆற்றைக் கொடிவேரியில் மறித்து, தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களில் திருப்பிவிட்ட தண்ணீர் இன்றைக்கும் நெல்லுக்கும் கரும்புக்கும் வாழைக்கும் பாய்கிறது. அந்த வயல்களின் பட்டா 1921இல் யார் பெயரில் இருந்திருக்கும்? அந்தச் சேற்றில் நாற்று நட்ட அருந்ததியர் பெண் பெயரில் இல்லை, அவள் புருசன் பெயரிலும் இல்லை. அவன் பண்ணையத்து ஆள். சட்டமன்றத்திலும் இதே கதைதான். எம்.சி. ராஜா உட்பட ஒடுக்கப்பட்டோரின் பிரதிநிதிகள் நியமனத்தால்தான் உள்ளே போனார்கள்.

அதே 1921இன் கடைசியில் ஈரோட்டில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலுக்காகத் தெருவில் நின்றார்கள். ஓட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அரசியல் செய்யலாம் என்று காட்டியவர்கள் அவர்கள். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு, பின்னால் வருகிறேன்.

1926இல் பெண்கள் தேர்தலில் நிற்கலாம் என்றானது. கமலாதேவி சட்டோபாத்யாய நின்று மயிரிழையில் தோற்றார். முத்துலட்சுமி ரெட்டி நியமன உறுப்பினராகி துணைத்தலைவரும் ஆனார். இதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. பாடப்புத்தகம் சொல்லாத இடம் 1932. வாக்குரிமையை எப்படி விரிவாக்குவது என்று ஆராய லோதியன் குழு அமைந்தது. அதில் இரண்டு பேரைக் கவனியுங்கள். ஒருவர் ராதாபாய் சுப்பராயன், நம் கொங்கு மண்ணின் திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன் வீட்டு மருமகள், வட்டமேசை மாநாட்டுக்குப் போய்வந்தவர். இன்னொருவர் அண்ணல் அம்பேத்கர். 1919இல் சவுத்பரோ குழு முன்பே ஒடுக்கப்பட்டோரின் வாக்குரிமைக்காக வாதாடியவர் அவர். 1928இல் சைமன் கமிஷனிடம் வயதுவந்த ஆண் பெண் அனைவருக்கும் வாக்கு என்று கேட்டவரும் அவர்தான்.

அனைவருக்கும் வாக்கு இப்போதைக்கு நடைமுறைக்கு ஆகாது என்று குழு முடிவுசெய்தது. அதை ஒட்டி வந்த 1935 சட்டத்தில் பெண்களுக்கென்று ஒரு வினோதமான தகுதி நுழைந்தது. சொத்துத் தகுதியுள்ள ஆணின் மனைவி என்றால் ஓட்டு உண்டு! பட்டாளத்துக்காரனின் விதவை என்றால் உண்டு. எழுதப் படிக்கத் தெரிந்தாலும் உண்டு. ஆக 1921இல் பட்டா வழியாக வந்த ஓட்டு, 1935இல் தாலி வழியாக வந்தது. நிலமில்லாதவனுக்கு வாழ்க்கைப்பட்ட, பள்ளிக்கூட வாசலை மிதிக்க விடப்படாத எங்கள் தெருப் பெண்ணுக்கு இரண்டு வழியும் அடைப்புதான். அகில இந்திய மாதர் மாநாட்டுக்காரர்கள் இந்த மனைவித் தகுதியை எதிர்த்தார்கள் என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும்.

அவளுக்கு ஓட்டு வந்தது 1950இல், அரசமைப்புச் சட்டத்தின் 326ஆவது பிரிவு வழியாக. வயது ஒன்றே தகுதி, அன்றைக்கு 21. என்னைக் கேட்டால் நாம் படம் போட்டுக் கொண்டாட வேண்டிய நாள் அதுதான். 1921ஐ விட்டுவிடச் சொல்லவில்லை. அதை அளவோடு சொல்லச் சொல்கிறேன்.

சட்டம் வந்தாலும் பட்டியல் என்று ஒன்று இருக்கிறதே. 1951-52 முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் எடுக்கப் போனவர்களிடம் வட இந்தியாவின் பல பகுதிகளில் பெண்கள் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்தார்கள். இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றுதான் எழுதச் சொன்னார்கள். முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென், அப்படி எழுதக் கூடாது, சொந்தப் பெயர் வேண்டும் என்று உறுதியாக நின்றார். முடிவில் ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பெயர்கள் நீக்கப்பட்டன. அவர் செய்தது சரியா என்று இன்றும் வாதாடலாம். நான் சரி என்கிற பக்கம். ஆனால் அந்தத் தேர்தலில் அந்தத் தண்டனையைச் சுமந்தது, பெண் வெளியே பெயர் சொல்லக் கூடாது என்று விதித்த ஆண் அல்ல, அந்தப் பெண்தான்.

எழுபது ஆண்டுகள் கழித்து அதே பட்டியல், வேறு வழியாக. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. 2002-2005 காலத்துப் பழைய பட்டியலில் உங்கள் பெயரோ, தாய் தந்தை பெயரோ எங்கே இருக்கிறது என்று காட்டச் சொன்ன படிவம் நினைவிருக்கும். பிறந்த ஊரிலேயே இருக்கும் ஆணுக்கு அது ஐந்து நிமிட வேலை. கல்யாணமாகி வேறு ஊருக்கு வந்த பெண்ணுக்கு? அப்பன் பெயரை அவர் ஊர்ப் பட்டியலில், பாகம் எண்ணோடு தேட வேண்டும். அப்பன் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் ஊர் ஊராகப் போனவர் என்றால் எந்த ஊர்ப் பட்டியல்?

நாங்கள் நான்கைந்து பேர் சத்தி சுற்றுவட்டாரத்தில் மாலை நேரங்களில் உட்கார்ந்து படிவம் நிரப்பிக் கொடுத்தோம். வந்தவர்களில் பாதிக்கு மேல் மல்லிகைத் தோட்டத்தில் பூப் பறிக்கிற பெண்கள். விடியுமுன் தோட்டத்தில் இறங்கினால்தான் பூ மார்க்கெட்டுக்கு நேரத்துக்குப் போகும். வீட்டுக்கு அலுவலர் வருகிற நேரத்தில் அவர்கள் வீட்டில் இருக்க மாட்டார்கள். ஓர் அக்கா கேட்டார்: "கண்ணு, என்ற பேரு ரேசன் கார்டுல இருக்குது, நூறு நாள் வேலை அட்டைல இருக்குது, போன தடவ ஓட்டும் போட்டேன். இதுல மட்டும் எப்படி இல்லாமப் போச்சு?" டிசம்பர் 19 அன்று வந்த வரைவுப் பட்டியலில் மாநிலம் முழுக்க 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. இறந்தவர்கள், இரட்டைப் பதிவுகள் போக, இடம்பெயர்ந்தவர் அல்லது முகவரியில் இல்லாதவர் என்ற கணக்கில் மட்டும் சுமார் 66 லட்சம். அதில் உண்மையிலேயே ஊரைவிட்டுப் போனவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள், மறுக்கவில்லை. ஆனால் இந்த மாநிலத்தில் கல்யாணம் என்பதே பெண்ணுக்கு ஓர் இடப்பெயர்வு. திருப்பூர் பனியன் கம்பெனி இன்னொன்று. முகவரி மாறாமல் வாழ முடிவது சொத்துள்ளவருக்குத்தான். சுற்றி வளைத்து, பட்டா மறுபடியும் உள்ளே வந்துவிட்டது.

'யாருக்குப் போட்டாலும் ஒன்றுதான், அதற்கு எதற்கு இவ்வளவு பாடு' என்று நம் தோழர்களில் சிலரே சொல்கிறார்கள். கல்லூரியில் அம்பேத்கர் வாசிப்பு வட்டம் நடத்துகிற தம்பி ஒருவர் பட்டியலில் பெயரே சேர்க்கவில்லை. கேட்டால் அமைப்பு மாற்றம் என்கிறார். நாகம்மையார் ஓட்டில்லாமலே போராடவில்லையா என்றும் கேட்டார். போராடினார்தான். ஓட்டு ஒன்றே அரசியல் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் ஓட்டை வேண்டாம் என்று விடுவது, அது ஏற்கெனவே கையில் இருப்பவனுக்குக் கிடைக்கிற சொகுசு. எங்கள் ஆயாவிடம் போய் இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். தேர் வருகிற வீதியில் செருப்போடு நடக்க முடியாத காலத்தில், ஓட்டுப் போடுகிற அன்றைக்கு மட்டும் பண்ணையக்கார அம்மாவும் அவரும் ஒரே வரிசை. யாருக்குப் போட்டார் என்று என் அப்பாவிடம்கூடக் கடைசிவரை சொல்லவில்லை.

அந்த மறைப்புத் தட்டிதான் இதில் பெரிய விஷயம். எங்கள் பகுதியில் தேர்தல் பணம் தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு வீட்டு ஆணின் கையில்தான் கொடுக்கிறார்கள். நான்கு ஓட்டு வீடு, ஐந்து ஓட்டு வீடு என்றுதான் பேச்சு. ஊர்க்கட்டு ஒரு பக்கம், தோட்டக்காரர் ஒரு பக்கம், புருசன் ஒரு பக்கம். இவர்கள் யாரும் நுழைய முடியாத ஒரு சதுர அடி இடம் அந்தத் தட்டிக்குப் பின்னால் இருக்கிறது. அதிலும் ஓர் ஓட்டை உண்டு. வாக்கு எந்திரத்தில் எண்ணுவது பூத் வாரியாக. எந்தத் தெரு எவ்வளவு போட்டது என்று மறுநாளே தெரிந்துவிடும். தனி ஆள் மறைந்திருக்கலாம், சேரி மறைய முடியாது. பல பூத் வாக்குகளை ஒன்றாகக் கலந்து கூட்டிக் காட்டும் கருவியைத் தேர்தல் ஆணையமே 2008இல் முன்மொழிந்தது, சட்ட ஆணையம் 2015இல் பரிந்துரைத்தது. இன்னும் வரவில்லை. சாதி ஒழிப்பு இயக்கங்கள் கையில் எடுக்க வேண்டிய கோரிக்கை இது. ஏனோ நம் மேடைகளில் யாரும் பேசுவதில்லை.

ஓட்டால் எதுவும் மாறாது என்றால், அதை ஏன் இவ்வளவு வன்மத்தோடு தடுக்கிறார்கள்? பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் ஊராட்சி தனித்தொகுதி ஆனதும் பத்தாண்டுகள் தேர்தலே ஒழுங்காக நடக்கவிடவில்லை. மேலவளவில் தேர்தலில் வென்ற முருகேசனை 1997இல் வெட்டினார்கள். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் ஊராட்சித் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்காரவைத்தார்கள். நம் கோவை மாவட்டத்திலும் அதே ஆண்டு, நாற்காலியில் உட்காரவிடவில்லை என்று ஒரு தலித் பெண் தலைவர் புகார் கொடுக்க வேண்டியிருந்தது. உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016இல் சட்டம் வந்த பிறகு நடந்தவை இவை. இன்னொரு பக்கம், 2021இல் அமைந்த சட்டமன்றத்தில் 234 பேரில் பெண்கள் 12 பேர்தான். பட்டியலில் பெண் வாக்காளர்கள் ஆண்களைவிட அதிகம்.

1989 மார்ச் மாதக் கடைசி வாரத்தில் இரண்டு நாட்கள் இருக்கின்றன. மார்ச் 25, மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு என்ற தமிழ்நாட்டுத் திருத்தம் நடைமுறைக்கு வந்த நாள். மார்ச் 28, வாக்களிக்கும் வயது 21லிருந்து 18 ஆன நாள். மூன்று நாள் இடைவெளியில் இரண்டு கதவு. கொங்கில் முதல் கதவை எப்படி மூடுகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும், கல்யாணத்துக்கு முன்போ பின்போ மகளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். பதினெட்டு வயதில் முதலமைச்சரைத் தேர்ந்தெடுக்கத் தகுதியுள்ளவள், துணையைத் தேர்ந்தெடுத்தால் 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்தருகே சங்கருக்கு நடந்தது நடக்கிறது. சாதிச் சங்கங்கள் பெண்ணின் ஓட்டையும் பெண்ணின் திருமணத்தையும் ஒரே பெட்டியில் வைத்துத்தான் பூட்டுகின்றன. நாம்தான் இரண்டையும் தனித்தனிப் பிரச்சினையாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே தம்பிகள், தங்கைகளுக்கு வேலை இருக்கிறது. பெயர் சேர்க்கப் படிவம் 6, இடம் மாறினால் படிவம் 8. பதினேழு முடிந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை அல்ல, இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் நான்கு தகுதி நாட்கள் உண்டு. வாக்குப்பதிவு நாளன்று சம்பளத்தோடு விடுமுறை என்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு. தினக்கூலிக்கும் அது பொருந்தும். பூத்தோட்டத்தில் அன்றைக்கும் பூ பறிக்கத்தான் வேண்டும், செடி காத்திருக்காது என்பார்கள். பறிக்கட்டும், கூலியோடு இரண்டு மணி நேரம் விடட்டும்.

அந்த அக்காவின் அப்பா பெயரைத் தாளவாடிப் பக்கத்துப் பழைய பட்டியல்களில் இரண்டு மாலை தேடினோம், கிடைக்கவில்லை. படிவம் 6 புதிதாகப் போட்டோம். உறவினர் பெயர் என்ற கட்டத்தில் யார் பெயர் எழுதட்டும் என்று கேட்டேன். புருசன் செத்து ஒன்பது வருசம். கொஞ்ச நேரம் யோசித்தார். "என்ற அம்மா பேரு எழுதலாமா?" என்றார். எழுதலாம், அதற்கு இடமிருக்கிறது. எழுதினேன்.