ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எத்தனை எழுத்து?

ராஜபாளையம் என்ற பெயரில் எத்தனை எழுத்துகள்? ரா, ஜ, பா, ளை, ய, ம் என்று விரல் மடக்கி 6 என்பான் ஒன்றாம் வகுப்புச் சிறுவன். பைத்தான் மொழியோ 10 என்கிறது. பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அது சொல்லும் விடை 18. ‘ஸ்ரீ’யை ஓரெழுத்தாகக் கொண்டால் நமக்கு 8, இரண்டாகப் பிரித்தால் 9. 18 எந்த இலக்கணத்திலும் இல்லை.

யூனிகோடு உயிர்மெய்யை மெய்க்குறி, உயிர்க்குறி எனத் துண்டுகளாகச் சேமிக்கிறது. சேமிப்பது அதன் உள்விவகாரம். அந்தத் துண்டுகளையே எழுத்து என்று நம்மிடம் நீட்டுவதில்தான் எனக்கு வழக்கு. டெர்மினலில் ஓர் எடிட்டரைத் திறந்தால் இது அம்பலமாகும். திரை முழுவதும் கட்டங்கள். ஒரு குறிக்கு எத்தனை கட்டம் என்பதற்கு எடிட்டர் ஓர் அட்டவணையைப் பார்க்கிறது, டெர்மினல் இன்னொன்றைப் பார்க்கிறது. இரண்டும் முரண்பட்டால் கர்சர் ஓரிடத்திலும் எழுத்து வேறிடத்திலும் நிற்கும். பல டெர்மினல்களில் ‘ளை’யின் ஐகாரக்குறி முன்னே வராமல் பின்னே தொங்குகிறது.

“தமிழ் சிக்கலான எழுத்து” என்பது வழக்கமான சமாதானம். இந்த 80 பத்திக் கட்டம் 1928-இல் ஐபிஎம் கொண்டுவந்த துளையட்டையின் மிச்சம். ரோமன் எழுத்துக்கு வெட்டிய சட்டை. சீன, ஜப்பானிய எழுத்துகள் வந்தபோது ஓரெழுத்துக்கு இரண்டு கட்டம் என்று விதியைத் தளர்த்தினார்கள். அப்படியானால் அது இயற்கை விதி அல்லவே!

எழுத்தெண்ணிப் பாடும் யாப்பை வைத்திருக்கும் மொழி இது. கட்டளைக் கலித்துறையில் ஒற்று நீக்கி, நேரசையில் தொடங்கும் அடிக்கு 16, நிரையசையில் தொடங்கும் அடிக்கு 17. அபிராமி அந்தாதியை இந்த இயந்திரத்திடம் கொடுத்தால் ஓரடியும் தேறாது.

‘ஸ்ரீ’யின் கதை இன்னும் மோசம். முதலில் அதை ஸகரத்தில் தொடங்கிச் சேமித்தோம். 2005-இல் யூனிகோடு 4.1 ‘ஶ’வைச் சேர்த்தது, அதில் தொடங்குவதே முறை என்றாயிற்று. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றே, கணினிக்கு வேறு வேறு. ஊர்ப்பட்டியலில் ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. பைத்தானில் இரண்டையும் மாறிப்பெயர்களாக வைத்தால் உருவம் ஒன்றான இரண்டு மாறிகள் கிடைக்கும். பிழையைக் கண்டுபிடிப்பவர் பாடு திண்டாட்டம். ‘திருவில்லிபுத்தூர்’ என்று எழுதித் தப்பலாம் என்பார் தனித்தமிழ் நண்பர். ஏற்கெனவே எழுதப்பட்ட கோப்புகளை யார் திருத்துவது?

முடியாத காரியமுமல்ல. ஸ்விஃப்ட் மொழி இவ்விரு ஊர்களுக்கும் 6, 9 என்றே எண்ணுகிறது. பைத்தானுக்கும் ‘ஓப்பன் தமிழ்’ நிரற்றொகுப்பு எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தருகிறது. ஆனால் தமிழனுக்கு மட்டும் தனியாக நிறுவிக்கொள்ள வேண்டிய சலுகையாக அது ஏன் இருக்க வேண்டும்?

குற்றத்தில் நமக்கும் பங்குண்டு. உலாவியில் தமிழ் அழகாகத் தெரிந்ததும் திருப்தியடைந்துவிட்டோம். படிக்க மட்டும் தமிழ், வேலைக்கு ஆங்கிலம் என்று ஒதுங்கிக்கொண்டோம். நிரல் எழுதும் நண்பர்களே, இவ்விரண்டு ஊர்ப்பெயர்களையும் உங்கள் எடிட்டரில் தட்டச்சிட்டுப் பாருங்கள். கர்சர் விலகினால் அதன் ஆக்குநர்களுக்குப் பிழையறிக்கை அனுப்புங்கள். நாம் கேட்காதவரை அவர்கள் பட்டியலில் இது பிழையாகவே ஏறாது.